தபசு மரமும் தீக்குழியும்: சித்தூர்ச் சீமையில் ஒரு வார இறுதி

சர்க்கஸ் என்ற சொல்லைக் கேட்டவுடன் கூடாரமும் நுழைவுச் சீட்டும் வட்ட அரங்கும் நம் நினைவுக்கு வருகின்றன. 1768-ஆம் ஆண்டில் இலண்டனில் பிலிப் ஆஸ்ட்லி என்ற முன்னாள் குதிரைப்படை வீரர் தொடங்கிய குதிரை வித்தைக் காட்சியே இன்றைய சர்க்கஸின் தொடக்கம் என்று கொள்ளப்படுகிறது. ஓடும் குதிரையின் முதுகில் ஒருவர் நிலையாக நிற்பதற்கு ஏற்றது என்று அவர் கண்ட 42 அடி விட்டமுள்ள வட்டமே இன்றளவும் அரங்கின் அளவாக இருந்து வருகிறது. நம் நாட்டில் 1880-இல் விஷ்ணுபந்த் சத்ரே மும்பையில் முதல் இந்திய சர்க்கஸை நடத்திக் காட்டினார். 1901-இல் தலைச்சேரியை அடுத்த சிறக்கரையில் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் பயிற்சிக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். அதன்பின் நெடுங்காலம், கோடை விடுமுறை என்றாலே ஊர்த் திடலில் சர்க்கஸ் என்பது வழக்கமாயிற்று.

அந்த நாள்கள் கடந்துவிட்டன. சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, குரங்கு ஆகியவற்றை வித்தைக்குப் பழக்கக் கூடாது என்று நடுவண் அரசு 1998-இல் அறிவிக்கை வெளியிட்டது. 2001-இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. சிறுவர்களைச் சர்க்கஸில் ஈடுபடுத்துவதற்கும் 2011-இல் தடை வந்தது. இரண்டும் வேண்டிய தடைகள்தாம் என்பது என் கருத்து. ஆயினும், மனிதர் ஒருவர் தம் உடலை மட்டும் நம்பி உயரத்தில் ஏறுவதையும் நெருப்பைக் கடப்பதையும் வெட்டவெளியில் நின்று காணும் வாய்ப்பு நம் பிள்ளைகளுக்கு அரிதாகிவிட்டது என்பதும் உண்மை.

அந்த வாய்ப்பு இன்னும் குறைவின்றிக் கிடைக்கும் இடம் ஒன்று சென்னையிலிருந்து மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் சிற்றூர்களில் தருமராசர் கோயில் அல்லது திரௌபதி அம்மன் கோயில் இருக்கும் இடந்தோறும் பாரதத் திருவிழா நடைபெறுகிறது. பெரும்பாலும் பதினெட்டு நாள். வசதி குறைந்த ஊர்களில் பத்து நாள். பகலில் பாரதக் கதை சொல்லப்படும். இரவில் கூத்து ஆடப்படும். இவற்றுக்கு நடுவே, ஆறேழு மாடி உயரமுள்ள மரத்தின்மேல் அர்ச்சுனன் ஏறுவான். இறுதி நாளன்று ஊரார் தீமிதிப்பர். கூடாரம் இல்லை, சீட்டும் இல்லை. வலையும் இல்லை.

தமிழ் வாசகர்களுக்கு இந்தச் சீமை அயலானதன்று. 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகரமாகச் சித்தூர்தான் இருந்தது. அந்த ஆண்டில்தான் வட ஆர்க்காடு, கடப்பை ஆகிய மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்துச் சித்தூர் தனி மாவட்டமாக்கப்பட்டது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அது ஆந்திரத்துடன் சென்றது. 1960-இல் திருத்தணி நம் பக்கம் வந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானபோது புத்தூர் முதலிய பகுதிகள் அதனுடன் சேர்ந்தன. எல்லைக்கோடுகள் இத்தனை முறை மாறிய போதிலும் பாரதத் திருவிழா மாறவில்லை. தமிழில் 'தபசு மரம்' என்பதை அவர்கள் 'தபஸ்ஸு மானு' என்பர். 'தீமிதி' என்பதை 'அக்னிகுண்ட பிரவேசம்' என்பர். கூத்து அங்கே வீதி நாடகம் எனப்படும். வேறுபாடு அவ்வளவே.

ஒரே ஊரில் தபசும் தீமிதியும் வெவ்வேறு நாள்களில் வருவதால், இரண்டையும் ஒரு வார இறுதியில் காண இயலாதே என்று நண்பர்கள் கேட்பதுண்டு. பருவ காலத்தில் பல ஊர்களில் விழா நடப்பதால், சனிக்கிழமை ஓர் ஊரில் தபசையும் ஞாயிற்றுக்கிழமை வேறோர் ஊரில் படுகளத்தையும் தீமிதியையும் கண்டுவிடலாம். நான் இம்முறை சென்றதும் அவ்வாறே. தபசு கண்ட ஊர் நகரிக்கும் புத்தூருக்கும் இடையே, நெடுஞ்சாலையிலிருந்து விலகி, 'நகரி மூக்கு' என்று கடலோடிகளும் அறிந்திருந்த அந்தக் கூரிய குன்று தெரியும் தொலைவில் இருந்தது. ஊருக்குள் நுழையும்போது முதலில் கேட்டது விசைத்தறி ஓசை. இரண்டாவதாகக் கேட்டதுதான் பம்பை. பிற்பகல் இரண்டு மணிக்குத் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. அதன்பின் ஊரில் பம்பையும் ஒலிபெருக்கியும் மட்டுமே ஒலித்தன.

தபசு மரம் என்பது இலை தழையுள்ள மரமன்று. நன்கு முற்றிய நெடிய பனையை வெட்டிச் செதுக்கி, மஞ்சள் பூசி, பூசை செய்து நட்ட கம்பம். ஐம்பது, அறுபது அடி உயரம் இருக்கும். அடியிலிருந்து முடி வரை குறுக்கே படிக்கட்டைகள் அறையப்பட்டிருக்கும். உச்சியில் ஒருவர் அமரவும் எழுந்து நிற்கவும் மட்டுமே போதுமான சிறு பலகை. நான்கு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டியிருந்தார்கள். காற்று வீசும்போது உச்சி அசைவதைக் கீழிருந்தே காண முடிந்தது.

கதை நாம் அறிந்ததே. பாசுபதம் என்னும் அம்பைப் பெறுவதற்காக அர்ச்சுனன் சிவபெருமானை நோக்கித் தவம் செய்யச் செல்கிறான். மாமல்லபுரத்தின் பெரும்பாறைச் சிற்பத்தை அர்ச்சுனன் தபசு என்று அழைப்பது இக்கதையைக் கொண்டுதான். பகீரதன் தவம் என்று கொள்வாரும் உளர். அங்கே கல்லில் அசையாமல் நிற்கும் அர்ச்சுனன், இங்கே வில்லும் அம்பும் பூசைப் பையும் ஏந்திக் கயிலாயம் ஏறுகிறான். கம்பம்தான் கயிலாயம். ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டு. பாட்டு முடிந்த பின்னரே அடுத்த படி. ஆகையால் பத்து நிமிடத்தில் ஏறிவிடக்கூடிய உயரத்தை அவர் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக ஏறினார்.

இந்த இரண்டு மணி நேரத்தைப் பொறுமையுடன் காண வேண்டும். முதல் இருபது அடி வரை கூட்டம் பேசிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் ஐஸ் வாங்கித் தின்றன. பாதிக்கு மேல் ஏறியதும் ஒரு கையால் கட்டையைப் பற்றிக்கொண்டு, உடலை வெளிப்புறமாகச் சாய்த்து, நான்கு திசைக்கும் வணக்கம் செய்தார். அப்போதுதான் பேச்சு அடங்கியது. பிள்ளை வரம் வேண்டி வந்த பெண்கள் ஈரப் புடவையுடன் கம்பத்தைச் சுற்றிக் குப்புற விழுந்து கிடந்தனர். உச்சியை அடைந்த அர்ச்சுனன் கற்பூரம் ஏற்றி, ஒற்றைக் காலில் நின்று கைகூப்பினார். பின்னர் எலுமிச்சம் பழம், வாழைப்பழம், திருநீற்றுப் பொட்டலம், பூ என்று ஒவ்வொன்றாகக் கீழே எறிந்தார். அவற்றைப் பிடிக்க ஏந்திய முந்தானைகள் கம்பத்தைச் சுற்றி விரிந்த காட்சியை, வித்தையை மட்டும் காண வந்தவர்களும் எளிதில் மறக்க மாட்டார்கள்.

உயரத்தில் ஆடிக் காட்டுவது இந்நிலத்துக்குப் புதியதன்று. கயிற்றின்மேல் ஆடுவோருக்காக முழங்கும் பறையைக் குறுந்தொகையின் ஏழாம் பாடல் உவமையாக எடுத்தாளுகிறது. கழைக்கூத்தாடிகளை நம்மில் பலர் சிறு வயதில் தெருவில் கண்டிருப்போம். இராயலசீமைப் பகுதியில் அதைக் குலத்தொழிலாகக் கொண்டிருந்த மக்களும் உண்டு. ஆனால் அவர்கள் ஆடி முடித்தபின் தட்டேந்திக் காசு பெறுவர். தபசு மரத்தில் ஏறுபவருக்கோ ஊர்தான் ஊதியம் தருகிறது. அந்த ஊதியம் எங்கிருந்து வருகிறது என்று அறிய விரும்பினேன். வங்கியில் பணிபுரிவோருக்கு இயல்பான ஆர்வந்தானே!

விழாக் குழுவின் பொருளாளர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். வேப்ப மரத்தடியில் மேசை போட்டு, நீண்ட வரவு செலவுப் பேரேட்டை விரித்து வைத்திருந்தார். ஊரிலுள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும் தலைக்கட்டு வரி உண்டு. திருமணமான ஒவ்வோர் ஆணும் ஒரு தலைக்கட்டு. கைம்பெண் தனித்து வாழும் வீட்டுக்குப் பாதி. தறி வைத்திருப்போர் தறிக்கு இவ்வளவு என்று மேலும் தருவர். பெங்களூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் அனுப்புவது தனிப் பத்தி. வேப்ப மரத்தில் கியூஆர் அட்டை ஒன்று தொங்கியது. உண்டியலுக்கு அருகிலும் ஒன்று இருந்தது. கணக்கு மூவர் பெயரில், இருவர் கையொப்பம் இருந்தால்தான் பணம் எடுக்கலாம் என்றார். நான் தலையசைத்தேன். இருநூறு வீடுகள் உள்ள ஊர், வெளியார் உதவியின்றிப் பதினெட்டு நாள் விழாவை நடத்திக் கணக்கையும் கோயில் சுவரில் ஒட்டிவிடுகிறது.

செலவுப் பக்கத்தில் பெரிய தொகை கூத்து ஜமாவுக்கு. ஜமா என்பது கூத்துக் குழுவுக்கு வட ஆர்க்காட்டு வழக்கு. பன்னிரண்டு முதல் பதினைந்து பேர் வரை இருப்பர். வாத்தியார்தான் குழுவின் தலைவர். ஒவ்வொருவருக்கும் பங்கு உண்டு. முக்கிய வேடக்காரர்களுக்கும் மிருதங்கக்காரருக்கும் முழுப் பங்கு, கற்றுக்கொள்ளும் இளைஞருக்குக் கால் பங்கோ அரைப் பங்கோ. இந்த ஜமா எல்லைக்கு இப்பாலிருந்து சென்றது. பகலில் பாகவதர் ஒருவர் தெலுங்கில் கதை சொல்ல, இரவில் இவர்கள் தமிழில் ஆடினர். கட்டியக்காரர் மட்டும் இரண்டு மொழியிலும் சிரிக்க வைத்தார். புரியவில்லையே என்று ஒருவரும் குறைபட்டுக்கொள்ளவில்லை.

அன்றிரவு கூத்து பத்து மணிக்குத் தொடங்கி விடியும் வரை நடந்தது. முகவீணை, ஆர்மோனியம், மிருதங்கம், தாளம். வேடக்காரர்கள் கட்டை என்னும் மர அணிகலன்களைத் தோளிலும் மார்பிலும் தலையிலும் கட்டிக்கொண்டு சுழன்று ஆடும்போது அவற்றின் கண்ணாடித் துண்டுகள் விளக்கொளியில் மின்னின. அந்தக் கட்டைகளின் எடையையும் தாங்கி, எட்டு மணி நேரம் பாடி ஆடுவது எளிய செயலன்று. இக்கலையைப் பற்றி மேலும் அறிய விரும்புவோர் காஞ்சிபுரத்தில் 1990-இல் தொடங்கப்பட்ட கட்டைக்கூத்துச் சங்கத்தைப் பற்றியும், திருவண்ணாமலை மாவட்டம் புரிசையின் கண்ணப்பத் தம்பிரான் மரபைப் பற்றியும் தேடிப் படிக்கலாம்.

அர்ச்சுனனாக ஏறியவரிடம் பேசும் வாய்ப்பு மறுநாள் காலையில் கிடைத்தது. பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில், அரிதாரம் கலைத்த முகத்துடன் தேநீர் அருந்திக்கொண்டிருந்தார். வயது ஐம்பதைக் கடந்தவர்.

“அண்ணா, மேலே ஏறும்போது அச்சமாக இராதா?” என்று கேட்டேன்.

“ஏறும்போது இல்லை சார். பாட்டு இருக்கிறது, கண் மேலே பார்க்கிறது. இறங்கும்போதுதான் கால் படியைத் தேடும். பாட்டும் முடிந்திருக்கும், ஜனமும் பழத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். நம்மை ஒருவரும் பார்க்க மாட்டார்கள்” என்றார்.

பக்கத்து ஊர்ப் புத்தூரில் எலும்பு முறிவுக்குக் கட்டுக் கட்டுவது தமிழகமெங்கும் பெயர் பெற்றது. “புத்தூர்க் கட்டு இருக்கிற தைரியத்தில்தான் இங்கே மரத்தை நட்டார்கள்” என்று கட்டியக்காரர் குறுக்கிட்டார். எல்லோரும் சிரித்தனர், அர்ச்சுனனைத் தவிர. அவருடைய வாத்தியார் பல ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் இறங்கும்போது கடைசிப் பத்து அடியில் தவறி விழுந்து, அதன்பின் எந்த வேடமும் கட்டவில்லையாம். ஊரார் மருத்துவச் செலவைப் பார்த்துக்கொண்டார்கள்; அடுத்த ஆண்டு வருமானத்தை எவர் பார்ப்பது?

காப்பீடு உண்டா என்று கேட்டேன். மகன் வற்புறுத்தியதால் சில ஆண்டுகளுக்கு முன் ஜன்தன் கணக்கு வழியாகப் பிரதமரின் விபத்துக் காப்பீட்டில் சேர்ந்திருந்தார். செய்தி வந்துகொண்டிருந்தது, பின்னர் நின்றுவிட்டது. கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். மே மாத இறுதியில் தவணை எடுக்க வங்கி முயன்றபோது கணக்கில் இருப்பு இல்லை. காரணம் எளிது. பங்குனி முதல் ஆடி வரைதான் கூத்துப் பருவம். சம்பளத்தை வாத்தியார் பருவம் முடிந்த பின்னர் கணக்குப் பார்த்து ரொக்கமாகத் தருவார். வைகாசியில் தினமும் ஆடிக்கொண்டிருப்பார்கள். கையில் செலவுக்கு மட்டுமே முன்பணம் இருக்கும். வருமானம் ஓடிவரும் மாதத்தில்தான் வங்கிக் கணக்கு வெறுமையாக இருக்கிறது.

வாசகர்களில் பலர் அறிந்திருப்பினும் விவரத்தை இங்கே குறிப்பிடுவது பயன் தரும். பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா என்னும் அத்திட்டத்தில் 18 முதல் 70 வயது வரையுள்ள, வங்கிக் கணக்கு வைத்திருக்கும் எவரும் சேரலாம். ஆண்டுக்கு 20 ரூபாய். விபத்தில் இறப்பு நேர்ந்தாலும் முழுமையான நிலைத்த ஊனம் நேர்ந்தாலும் 2 இலட்சம் ரூபாய். பகுதி நிலைத்த ஊனத்துக்கு 1 இலட்சம். காப்புக் காலம் ஜூன் 1 முதல் மே 31 வரை. தவணை தானாகக் கணக்கிலிருந்து எடுக்கப்படும். இருப்பு இல்லையெனில் காப்பு நின்றுவிடும். எனினும் தவணையைச் செலுத்தி மீண்டும் சேரலாம். முறிந்த காலுக்கு மருத்துவச் செலவை இத்திட்டம் தராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதை அவரிடம் சொன்னபோது, “கால் முறிந்தால் கட்டுக்குப் புத்தூர் இருக்கிறது சார், தலை போனால் வீட்டுக்கு என்ன இருக்கிறது என்றுதான் கேட்கிறேன்” என்றார்.

பொருளாளரிடம் சென்று, ஜமாவில் பதினைந்து பேர் என்றால் 300 ரூபாய். அதை மட்டும் மே மாத இறுதிக்கு முன் அவரவர் கணக்கில் முன்பணமாகப் போட்டுவிடலாமே என்றேன். கோயில் வாயிலில் கட்டியிருந்த மாலை அதைவிட விலை கூடியது. அவர் மறுக்கவில்லை, ஆனால் எந்த இனத்தில் எழுதுவது என்று யோசித்தார். கூத்துச் செலவில் எழுதினால் பேசிய தொகையைவிடக் கூடும். பூசைச் செலவில் எழுதினால் பூசாரி கேட்பார். சிறிது நேரம் பேரேட்டைப் புரட்டிவிட்டு, புதிய வரியில் 'அர்ச்சுனன் வகையறா, பற்று ரூ.300' என்று தெலுங்கில் எழுதி எனக்குப் படித்துக் காட்டினார். அன்று மாலைக்குள் பணம் போனதா என்று நான் கேட்டு உறுதி செய்யவில்லை. அர்ச்சுனனின் கைப்பேசி எண் மட்டும் என்னிடம் இருக்கிறது. மே 31-க்குப் பின் அழைத்துக் கேட்க எண்ணியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நண்பகலில், சித்தூர்ச் சாலையில் இருந்த மற்றோர் ஊருக்குச் சென்றேன். அங்கே பதினெட்டாம் போர். திடலில் துரியோதனன் மல்லாந்து கிடந்தான். களிமண்ணாலும் சேற்றாலும் இரவோடிரவாக ஆக்கிய உருவம். முடி முதல் பாதம் வரை நான் நடந்து அளந்தபோது என் அடியால் நாற்பத்தெட்டு அடி வந்தது. முறுக்கிய மீசை, விழித்த கண், விரித்த கைகள், மார்பில் வண்ணப் பொடியால் வரைந்த பதக்கம். தொடைக்குள் செந்நிற நீர் நிறைத்த குடம் புதைக்கப்பட்டிருந்தது. வீமனும் துரியோதனனும் கதையுடன் திடலைச் சுற்றி ஓடினர். மண்ணுருவத்தின் மேலேறிப் பொருதனர். கூட்டத்துக்குள்ளும் புகுந்து ஓடினர். இறுதியில் வீமன் தொடையில் அடிக்க, குடம் உடைந்து செந்நீர் பெருகியது. திரௌபதி வேடக்காரர் அதைத் தொட்டுக் கூந்தலை முடித்தபோது பெண்கள் குலவையிட்டனர். ஐந்து நிமிடத்தில் துரியோதனன் மறைந்தான். அவன் மண்ணைப் பிடி பிடியாக எடுத்து நெற்குதிரிலும் வயலிலும் போடுவதற்கு மக்கள் கொண்டு சென்றுவிட்டனர்.

மாலையில் தீமிதி. காலையிலேயே கட்டைகளை அடுக்கித் தீயிட்டிருந்தனர். நான்கு மணிக்குள் அது தணலாகிவிட்டது. பச்சைக் கம்புகளால் தணலை அடித்து நொறுக்கிப் பரப்பி, முறத்தால் விசிறிச் சாம்பலை அகற்றினர். இருபது அடித் தொலைவில் நின்ற எனக்கே முகம் காந்தியது. தீயணைப்பு வண்டியும் 108 ஊர்தியும் அருகில் நின்றன. குழியின் மறு முனையில் பாலும் நீரும் கலந்த சிறு பள்ளம்.

பூங்கரகம் ஏந்திய பூசாரி முதலில் இறங்கினார். அவருக்குப் பின் காப்புக் கட்டி, விரதம் இருந்து, மஞ்சள் உடுத்தி, வேப்பிலை ஏந்தியவர்கள் வரிசையாக வந்தனர். முதியவர், இளைஞர், கல்லூரி மாணவி, காவல்துறையில் பணிபுரியும் ஒருவர். எண்ணத் தொடங்கி இருநூற்றைக் கடந்ததும் விட்டுவிட்டேன். பெரும்பாலோர் ஓடவில்லை, ஆனால் நிற்கவும் இல்லை. ஆற்றைக் கடப்பவரைப் போல விரைந்து நடந்தனர். கைக்குழந்தையைத் தோளில் வைத்து நடந்த இருவரைக் கண்டபோது எனக்கு உடன்பாடு இல்லை. வேண்டுதல் பெற்றோருடையது; குழந்தையை ஒருவரும் கேட்கவில்லை.

அடி சுடாமல் இருப்பதற்கு அறிவியல் கூறும் விளக்கம் எளிமையானது. பாட்டி கும்மட்டி அடுப்பில் கிடக்கும் தணலை விரல் நுனியால் சட்டென்று தள்ளிவிடுவார். ஆனால் காய்ந்த தோசைக்கல்லைத் தொட மாட்டார். தணலே கல்லைவிடச் சூடு மிக்கது. ஆயினும் கரி வெப்பத்தை மெல்லவே கடத்தும். இரும்பு உடனே கடத்தும். காலடி தணலில் படிந்திருப்பது ஒரு நொடிக்கும் குறைவு. 1935-இல் இங்கிலாந்தில் கார்ஷால்டன் என்னும் ஊரில் ஹாரி பிரைஸ் என்ற ஆய்வாளர், காசுமீரத்தைச் சேர்ந்த குதா பக்ஸைத் தீமிதிக்கச் செய்து சோதித்தார். தணலின் மேற்பரப்பு சுமார் 430 டிகிரி செல்சியஸ் இருந்தபோதும் அவர் பாதத்தில் கொப்புளம் இல்லை. பின்னர் நடந்த சோதனைகளில், தயக்கமின்றி நடந்த ஆங்கிலேயரும் பெரிய தீங்கின்றிக் கடந்தனர். இந்த விளக்கத்தைப் படித்துவிட்டு எவரும் குழியில் இறங்க வேண்டா. தயங்கி நிற்பவருக்கும், தடுக்கி விழுபவருக்கும், கால்விரல் இடுக்கில் தணல் சிக்கிக்கொள்பவருக்கும் இயற்பியல் துணை வராது.

இவ்விழாவின் பழமைக்கும் சான்றுகள் உள்ளன. பாரதத்தைக் கோயில் மண்டபத்தில் படிப்பதற்குப் பல்லவ அரசன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்துக் கூரம் செப்பேடு, ஏழாம் நூற்றாண்டிலேயே நிலத்தில் பங்கு ஒதுக்கியது. பியேர் சொன்னரா என்ற பிரெஞ்சுப் பயணி 1782-இல் வெளியிட்ட நூலில், தருமராசருக்கும் திரௌபதிக்கும் பதினெட்டு நாள் எடுக்கும் நெருப்புத் திருநாளை விவரித்திருக்கிறார். தமிழர் சென்ற இடமெல்லாம் இது சென்றது. சிங்கப்பூரில் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் 1840 முதல் தீமிதி நடந்து வருவதாகக் கூறுவர். இலங்கையில் உடப்பிலும் பாண்டிருப்பிலும் திரௌபதி அம்மன் கோயில் தீமிதி பெயர் பெற்றது.

மே மாதத்தில் செல்வோர் திருப்பதி நகரிலேயே தாத்தய்யகுண்ட கங்கம்மா ஜாத்திரையையும் காணலாம். கங்கம்மா திருவேங்கடவனின் தங்கை என்பது ஊரார் நம்பிக்கை. அண்ணன் வீட்டுச் சீராகத் திருமலையிலிருந்து புடவையும் மங்கலப் பொருளும் வரும். பெண்களுக்குத் தீங்கிழைத்த பாளையக்காரனைத் தேடிக் கங்கம்மா பல வேடங்களில் அலைந்த கதையின்படி, அந்த வாரம் முழுவதும் ஆண்கள் நாளுக்கொரு வேடம் புனைந்து தெருவில் திரிவர்: பைராகி, தோட்டி, துரை, மாதங்கி எனத் தொடரும். மீசை மழித்துப் புடவை உடுத்திய ஆட்டோ ஓட்டுநர் உங்களைத் தேவஸ்தான விடுதிக்கு அழைத்துச் செல்ல நேர்ந்தால் வியப்படைய வேண்டா.

பயண விவரம்: அரக்கோணம், ரேணிகுண்டா இடையே செல்லும் தொடர்வண்டிகளில் ஏகாம்பரகுப்பம், புத்தூர் நிலையங்களில் நிற்பவற்றைப் பார்த்து ஏறுங்கள். வேலூர் வழியாக வருவோருக்குக் காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா வழியாகத் திருப்பதி செல்லும் தடம் உண்டு. தங்குவதற்குத் திருப்பதியே வசதி. விழா நாள்களைப் புத்தூர், நகரிப் பேருந்து நிலையச் சுவர்களில் ஒட்டியிருக்கும் அறிவிப்புகளில் பார்க்கலாம். பல அறிவிப்புகள் இரு மொழியிலும் இருக்கும். தபசுக்கு நண்பகலிலேயே சென்று, கம்பத்துக்கு மேற்கே நிழல் தேடி அமருங்கள். கிழக்கே அமர்ந்தால் மாலை வெயிலில் உச்சி தெரியாது. தீமிதிக்கு மூன்று மணிக்குள் சென்று, காற்று உங்கள் முதுகில் படும் பக்கமாக நில்லுங்கள். சில்லறையும் கையில் இருக்கட்டும். கியூஆர் அட்டை உண்டியலுக்குத்தான், பலூன்காரருக்கு இன்னும் வரவில்லை.